மூழ்கிய கண்டமும் மூழ்காத உண்மையும்

தம் முன்னோரின் பெருமையைக் கேட்டு உள்ளம் பூரிக்காத மக்கள் உலகில் இலர். அப்பெருமை மிகத் தொன்மையானதாயின் பூரிப்பு மேலும் பெருகுகின்றது. அத்தொன்மை கடலுக்கடியில் மறைந்ததாயின் பூரிப்போடு ஏக்கமும் சேர்ந்துகொள்கின்றது. கிரேக்க ஞானி பிளேட்டோ, அத்திலாந்திசு என்னும் தீவு ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள் கடலில் ஆழ்ந்ததாக எழுதிவைத்தார். தமிழராகிய நாம் குமரிக் கண்டத்தை நினைந்து உருகுகின்றோம். அமெரிக்க நாட்டிலோ "மூ" என்றொரு கண்டத்தைப் பற்றிய நூல்களை மக்கள் தலைமுறை தலைமுறையாக வாங்கிப் படித்து வருகின்றனர்.

இவற்றுள் மூவின் கதையை நாம் இங்கு எடுத்துக்கொள்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அக்கதை எப்பொழுது, எவரால், எந்தத் தவறினால் பிறந்தது என்பதை ஆண்டுக்கணக்கோடு எடுத்துக்காட்டலாம் என்பது ஒன்று. அதனை உலகெங்கும் பரப்பியவர் நம் இலங்கையிலே தேயிலைத் தோட்டத் துரையாக இருந்தவர் என்பது மற்றொன்று.

தோட்டத் துரையும் முதிய நண்பரும்

கண்டி மாநகருக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்ட மலைச்சரிவிலே, லூல்கந்துரைத் தோட்டம் உள்ளது. 1852ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர், 1867இல் அங்கே 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். வணிக நோக்கோடு இலங்கையில் நடைபெற்ற முதல் தேயிலைப் பயிர்ச்செய்கை அதுவேயாகும். 1869 முதல் கோப்பிச் செடிகளை இலைநோய் பற்றி அழிக்கவே, தேயிலை மலைநாடெங்கும் பரந்தது. பிரித்தானியாவிலிருந்து இளைஞர் பலர் துரைமாராக வந்து சேர்ந்தனர். அக்காலத்தில் இலங்கையில் தேயிலைத் துரையாக இருந்தவருள் ஒருவர் ஜேம்ஸ் சேர்ச்வாட் (1851–1936). அவர் 1890களில் அமெரிக்காவிற் குடியேறி, உருக்குக் கலவைகளைக் கண்டுபிடித்துப் பொருளீட்டினார். பின்பு முதுமையிலே, 1926ஆம் ஆண்டில், மூ என்னும் கண்டத்தைப் பற்றிய தமது முதல் நூலை வெளியிட்டார்.

எனினும் மூவை முதலிற் கற்பித்தவர் சேர்ச்வாட் அல்லர். அமெரிக்காவில் அவருக்கு நண்பராக வாய்த்த முதியவர் ஒருவரிடமிருந்தே அக்கருத்து அவருக்குக் கிடைத்தது. அம்முதியவரின் பெயர் அகஸ்தஸ் லெ பிளோஞ்சோன். தொல்பொருளியல் ஒரு துறையாக உருப்பெறாத காலத்திலேயே மண்வெட்டியும் புகைப்படக் கருவியும் ஏந்திக் காடு புகுந்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

காட்டிற் கிடைத்த சிலை

லெ பிளோஞ்சோன் 1825இல் ஜேர்சித் தீவிற் பிறந்தவர். கலிபோர்னியாவில் நில அளவையாளராகவும், பெரு நாட்டிற் புகைப்படக் கலைஞராகவும் இருந்தபின், 1873இல் தம் இளம் மனைவி அலிசுடன் மெக்சிக்கோவின் யுக்கத்தான் பகுதியை அடைந்தார். அங்கே மாயா என்னும் பழங்குடியினர் ஒரு காலத்தில் எழுப்பிய கோயில்களும் மாளிகைகளும் காடு மண்டிக் கிடந்தன. மாயா மக்கள் ஒரு பகுதியினர் ஆட்சியாளரை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த அபாயத்தினிடையே கணவனும் மனைவியும் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பாடுபட்டனர். மாயா மொழியைப் பேசக் கற்றனர், கட்டடங்களை அளந்தனர், சுவரோவியங்களைப் படியெடுத்தனர், நூற்றுக்கணக்கான புகைப்படங்கள் எடுத்தனர். அக்கட்டடங்களும் ஓவியங்களும் பின்னர்ப் பெரிதும் சிதைந்துபோனமையால், அப்படங்கள் இன்றைய அறிஞருக்கும் பயன்படுகின்றன.

1875இல் சிச்சென் இட்சா என்னும் இடத்தில் நிலத்தை ஆழத் தோண்டியபோது, சாய்ந்த நிலையிற் படுத்து, முழங்கால்களை மடக்கி, வயிற்றின்மேல் ஒரு தட்டை ஏந்தி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிய கற்சிலையொன்று வெளிப்பட்டது. லெ பிளோஞ்சோன் அதற்குச் சாக்மூல் எனப் பெயரிட்டார். மெக்சிக்கோ அரசு அதனைக் கையேற்றுத் தலைநகருக்குக் கொண்டுசென்றது. இன்றும் அவ்வகைச் சிலைகளெல்லாம் அவர் இட்ட பெயராலேயே வழங்குகின்றன. அவருடைய பணி இத்துடன் நின்றிருப்பின், பெரும் தொல்பொருளாய்வாளர் வரிசையில் அவர் போற்றப்பட்டிருப்பார்.

ஆனால் தோண்டி எடுத்ததோடு அவர் மனம் அமையவில்லை. அச்சிலை கோ என்னும் இளவரசனுடையது என்றார். அவனை மணந்தவள் மூ அரசி என்றும், உடன்பிறந்தவன் ஒருவனே அவனைக் கொன்றான் என்றும் ஒரு கதையைச் சுவரோவியங்களிற் கண்டார். துயருற்ற அரசி எகிப்துக்கு ஓடினாள். ஆங்கு ஐசிஸ் என்னும் தெய்வமாகப் போற்றப்பட்டாள். இறந்த கணவனின் நினைவாகவே சிங்க உடலும் மனித முகமுங் கொண்ட ஸ்பிங்ஸ் எழுந்தது என்றெல்லாம் 1896இல் ஒரு பெருநூலே எழுதினார். கிரேக்க நெடுங்கணக்கின் எழுத்துப் பெயர்களை வரிசையாகச் சேர்த்துப் படித்து, அது மாயா மொழியில் அமைந்த செய்யுள், மூழ்கிய மூவுக்காகப் பாடிய இரங்கற்பா என்றும் சாதித்தார். அவர் கருத்தில் மூ என்பது அத்திலாந்திக் கடலில் மூழ்கிய நிலம்; பிளேட்டோ கூறிய அத்திலாந்திசும் அதுவே.

காலக்கணக்கு இக்கதையை ஒரு நொடியிற் கவிழ்த்துவிடும். சிச்சென் இட்சா சிறப்புற்றது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டிற்கும் பன்னிரண்டாம் நூற்றாண்டிற்கும் இடையில். எகிப்தின் ஸ்பிங்ஸோ கி.மு. 2500 அளவில் எழுந்தது. பேத்தி பிறப்பதற்கு முன்னரே அவள் பாட்டிக்குத் தாலாட்டுப் பாடினாள் என்பது போன்றதே இது.

ஓர் எழுத்துப் பிழை கண்டமான விதம்

"மூ" என்னும் பெயர் எங்கிருந்து வந்தது? இதுவே நம் மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டிய இடமாகும்.

1562ஆம் ஆண்டிலே, டியேகோ டி லாண்டா என்னும் ஸ்பானியப் பாதிரியார், மாயா மக்களின் ஏடுகள் அலகையின் நூல்கள் எனக் கூறி, அவற்றைத் தீக்கிரையாக்கினார். அவரே பின்னர் அம்மக்களின் வழக்கங்களை விரித்து ஒரு குறிப்பும் எழுதினார். அதில், மாயா எழுத்தாளர் ஒருவரிடம் ஸ்பானிய எழுத்துகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவற்றுக்கு நேரான மாயா எழுத்துகளைப் பெற்று ஓர் அட்டவணையாக அமைத்தார். இங்கேதான் பிழை புகுந்தது. நம் ஊர்த் தமிழாசிரியர் ஒருவரிடம் "டபிள்யூ" என்று சொன்னால், அவர் அவ்வொலியைக் கேட்டு நான்கு தமிழெழுத்துகளை எழுதுவார் அன்றோ? மாயா எழுத்தாளரும் தாம் கேட்ட பெயரின் ஓசையையே எழுதினார். அவர்கள் எழுத்துமுறை அசைகளையும் முழுச்சொற்களையும் குறிப்பது என்பதைப் பாதிரியார் அறியார். கேள்விகளாற் சலித்த அந்த எழுத்தாளர், ஏதேனும் ஒரு வாக்கியம் எழுதுக எனப்பட்டபோது, "எனக்கு விருப்பமில்லை" என்று எழுதிக் கொடுத்தாராம். அதுவும் அக்குறிப்பில் அப்படியே இடம்பெற்றுவிட்டது.

முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின், பிரசேர் டி பூர்பூர் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் அக்குறிப்பைக் கண்டெடுத்து 1864இல் அச்சிட்டார். பின்னர் ஸ்பெயின் தலைநகராகிய மத்ரித்தில், மரப்பட்டைத் தாளில் எழுதிய மாயா ஏடொன்றையும் கண்டார். லாண்டாவின் அட்டவணையைத் துணைக்கொண்டு அவ்வேட்டைப் படிக்கலானார். நிலம் நடுங்கிக் கடலில் ஆழ்ந்த வரலாறு அதிற் கூறப்படுவதாகவும், அந்நிலத்தின் பெயர் "மூ" எனவும் முடிவு செய்தார். லெ பிளோஞ்சோன் அதனை மேலும் விரித்து, 6 கோடியே 40 இலட்சம் மக்களோடு அந்நிலம் அழிந்ததென மொழிபெயர்த்தார்.

1952ஆம் ஆண்டில் சோவியத் அறிஞர் யூரி குனோரொசோவ், மாயா எழுத்தை அசைகளாகக் கொண்டு படிக்கும் வழியை உலகுக்குக் காட்டினார். அதன்பின் அவ்வேட்டின் பொருள் மெல்ல மெல்லத் தெளிந்தது. நாள் பார்த்தல், மழைச் சடங்கு, வேட்டை, தேனீ வளர்ப்பு ஆகியவற்றை விளக்கும் பஞ்சாங்கம் போன்றதோர் ஏடு அது. அதில் மூவும் இல்லை; மூழ்கிய மக்களும் இல்லை.

சேர்ச்வாட் இவ்வளவிலும் நிற்கவில்லை. இந்தியாவில் ஒரு கோயிற் பூசகர் தமக்கு மட்டும் காட்டிய களிமண் ஏடுகளில் மூவின் வரலாற்றைப் படித்ததாகக் கூறினார். அவ்வேடுகளை வேறெவரும் கண்டதில்லை. மூவை அத்திலாந்திக்கிலிருந்து பெயர்த்துப் பசுபிக் சமுத்திரத்தில் வைத்தார். பசுபிக்கின் அடித்தளமோ ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் தடிப்பான எரிமலைப் பாறை; கண்டங்களின் பாறை முப்பது, நாற்பது கிலோமீற்றர் தடிப்புடையது. அத்துணைப் பெரிய கண்டம் ஒன்று சுவடின்றி அங்கே மறைந்திருத்தல் இயலாது.

நம் குமரியின் நிலை என்ன?

இக்கதையைக் கேட்டு நகைப்பது எளிது. நம் வீட்டு வாசலுக்கு வரும்போதுதான் நகைப்பு நின்றுவிடுகின்றது. எம்மிடம் பயிலும் மாணவர்கள், "ஐயா, குமரிக் கண்டமும் இத்தகையதுதானா?" எனக் கேட்பதுண்டு. இக்கேள்விக்கு நேர்மையான விடை கூறுதல் ஆசிரியர் கடமை.

பாண்டியர் நாட்டின் ஒரு பகுதியைக் கடல் கொண்டது என்னும் செய்தி நம் பழந்தமிழ் இலக்கியத்தில் உண்டு. இறையனார் அகப்பொருளுரை, தலைச்சங்கம் 4,440 ஆண்டுகளும், இடைச்சங்கம் 3,700 ஆண்டுகளும், கடைச்சங்கம் 1,850 ஆண்டுகளும் நிலவின என்கின்றது. சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், பஃறுளியாற்றிற்கும் குமரியாற்றிற்கும் இடையே 700 காவத நிலத்தையும் அதிலிருந்த 49 நாடுகளையும் குறிக்கின்றார். குமரி கண்டம் என்னும் தொடர், பரத நாட்டின் பிரிவுகளுள் ஒன்றன் பெயராகக் கந்தபுராணத்திற் பயில்கின்றது. இவற்றுள் எதுவும் ஆபிரிக்காவையும் அவுஸ்திரேலியாவையும் இணைத்த பெருங் கண்டத்தைக் கூறவில்லை.

அப்பெருங் கண்டம் வேறிடத்திலிருந்து வந்தது. மடகாஸ்கரில் வாழும் லெமூர் என்னும் விலங்கினத்தின் தொல்லெச்சங்கள் இந்தியாவிலும் காணப்படுவதாகக் கருதிய பிலிப் சிலேற்றர் என்னும் ஆங்கில விலங்கியலாளர், 1864இல், இடையிலுள்ள கடலில் முன்னர் ஒரு நிலம் இருந்திருக்க வேண்டும் என ஊகித்து அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். ஜேர்மானிய அறிஞர் ஹெக்கல், மனித இனம் தோன்றிய இடம் அதுவாகலாம் என்றார். பிளவாட்ஸ்கி அம்மையார் 1888இல் வெளியிட்ட நூலில் அதற்கு மறைஞான விளக்கம் அளித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தமிழறிஞர் பலர் லெமூரியாவையும் குமரியையும் ஒன்றென இணைத்தனர். அயலாட்சியில் தாழ்வுற்றிருந்த ஓர் இனத்திற்கு அவ்விணைப்பு தந்த ஊக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஊக்கம் வேறு, சான்று வேறு.

மலைக்கல் கூறும் சாட்சி

கடல் கொண்ட கண்டத்தைப் பற்றி அறிய நாம் கடலுக்குச் செல்ல வேண்டுவதில்லை. ஹேவாஹெட்ட மலைப்பாதையின் ஓரத்திலே வெட்டி விடப்பட்ட பாறையே சாட்சி கூறும். நம் மத்திய மலைநாட்டின் பாறைகள் நிலத்தின் அடியாழத்திற் கடும் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறியவை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அம்மாற்றம் நிகழ்ந்தது. அதே காலத்தில் அவ்வாறே உருமாறிய பாறைகள் தென்னிந்தியாவிலும் மடகாஸ்கரிலும் அந்தாட்டிக்காவிலும் உள்ளன. இரத்தினபுரியிற் கிடைப்பது போன்ற நீலக்கற்கள் மடகாஸ்கரிலும் கிடைப்பதற்கு இதுவே காரணம். இந்நிலங்கள் அனைத்தும் கொண்டுவானா என்னும் ஒரே பெருங் கண்டமாக இணைந்திருந்தன.

சிலேற்றர் தேடிய தொடர்பு உண்மையே. கடலில் மூழ்கிய பாலந்தான் இல்லை. நிலங்களே ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்தன. கண்டங்கள் நகர்கின்றன என்று ஜேர்மானியராகிய அல்பிரட் வேகனர் 1912இற் கூறியபோது அறிஞர் பலர் ஏற்கவில்லை. 1960களில் கடலடித்தளத்தை ஆராய்ந்தபின்னரே அக்கருத்து நிலைபெற்றது. மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. நம்மைப் போன்ற மனிதர் தோன்றியதோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். அப்பிரிவைக் கண்டு பாட ஒரு புலவரும் இருந்திருக்க முடியாது.

அவ்வாறாயின் கடல்கோள் நினைவு வெறும் கற்பனையோ? அன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகின் நீரிற் பெரும்பகுதி பனியாக உறைந்திருந்தபோது, கடல் மட்டம் இன்றையதினும் 120 மீற்றரளவு தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக்குநீரிணை அன்று நிலம். இந்தியாவிற்கும் இலங்கைக்கும் இடையே மக்களும் விலங்குகளும் நடந்தே சென்றிருக்கலாம். பனி உருகிக் கடல் ஏறி, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் இலங்கை தனித் தீவாயிற்று. களனிதிஸ்ஸ மன்னன் காலத்திற் கடல் பொங்கி ஊர்களை விழுங்கியதை மகாவமிசமும் கூறும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியையும், 2004 டிசம்பரில் நம் கிழக்குக் கரையையும் கடல் சூறையாடியதை நம் தலைமுறையினரே அறிவர். கடலோரத்தில் வாழ்ந்த மக்கள் இழந்த ஊர்களின் நினைவு பாட்டிலும் உரையிலும் தங்கியிருத்தல் இயல்பே. அந்நினைவை மதிப்போம், அதனைக் கண்டமாகப் பெருக்காதிருப்போம்.

பொய் விழும்போது மெய்யும் விழும்

இதில் என்ன கேடு, பெருமைக்காக ஒரு கதை இருந்துவிட்டுப் போகட்டுமே என்பார் உளர். கேடு உண்டு. லெ பிளோஞ்சோன் 1908இல் இறந்தபோது, அவர் கதையை நகைத்த அறிஞர் அவர் எடுத்த படங்களையும் அளவைகளையும் சேர்த்தே புறக்கணித்தனர். அவற்றின் மதிப்பு உணரப்படுவதற்குப் பல்லாண்டுகள் சென்றன. நம் தொன்மைக்கும் இதுவே நேரலாம். வைகைக் கரையிற் கீழடியில் அகழ்ந்தெடுத்த பொருள்கள் சில கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்கு உரியவை என ஆய்வுகூடக் கணிப்புக் காட்டுகின்றது. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980ஆம் ஆண்டையொட்டி நடந்த அகழ்விலே, பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையொன்று ஓர் எலும்புக்கூட்டின் அருகே கிடைத்தது. நம் தீவின் பாஹியங்கல குகையில் 40,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனித வாழ்வின் தடயங்கள் உள்ளன. கையில் எடுத்து ஆராயத்தக்க இச்சான்றுகளை, "இவர்கள் கடலடிக் கண்டம் பேசுபவர்கள்" என்று பிறர் ஒதுக்கிவிட நாமே இடங்கொடுக்கலாமா?

மற்றுமொரு கேடு நம் மலையகத்திற்கே உரியது. லூல்கந்துரையின் டெயிலர் 1892இல் இறந்தார். கண்டி மஹியாவை மயானத்தில் அவர் பெயர் பொறித்த கல்லறை இருக்கின்றது. அந்த 19 ஏக்கரைக் கொத்திக் கொழுந்தெடுத்தவர்கள் பெயர் எங்கே? மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்து, வழியிலே நோயாலும் பசியாலும் மடிந்தவர்கள் பெயர் எங்கே? இந்த வரலாறு பத்தாயிரம் ஆண்டுப் பழமையுடையதன்று. இருநூறு ஆண்டளவே ஆனது. அதுவும் நம் கண்முன்னே மூழ்கிக்கொண்டிருக்கின்றது. செக்ரோல் ஏடுகள் கறையானுக்கு இரையாகின்றன. கழுத்தில் மாட்டி வந்த தகரத்துண்டைப் பாட்டியோடு புதைத்துவிட்டோம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் கப்பலேறிய உறவினர் எந்த ஊரில் இறங்கினர் என்பதைச் சொல்லத்தக்க முதியோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டி வைத்திராவிடில், அவற்றுட் பலவும் பாடியோரோடு போயிருக்கும்.

ஆகவே மாணவர்களுக்கு நாம் கூற விரும்புவது இது. பழமையைப் பற்றி எவர் எதைக் கூறினும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதனை எங்கே கண்டார்கள்? பிறரும் சென்று காண இயலுமா? காலக்கணக்குப் பொருந்துகின்றதா? யார் சொன்னாலும் சொல்லப்பட்டதன் உண்மையை ஆராய்வதே அறிவு என வள்ளுவர் வகுத்த நெறியும் இதுவே.

அத்துடன் வரும் விடுமுறையில் ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டிலுள்ள மூத்தோரிடம் அமருங்கள். பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் கங்காணியின் கீழ் வந்தார், எந்த லயத்தில் முதலில் இருந்தார், பாட்டி கொழுந்தெடுக்கையில் என்ன பாடினாள் என்பவற்றைக் கேட்டு, சொன்னவர் பெயரையும் சொன்ன நாளையும் குறித்து எழுதிவையுங்கள். பெற்றோர்களே, பெட்டியடியிற் கிடக்கும் பழைய பிறப்புப் பத்திரத்தையும் கடவுச்சீட்டையும் கிழிந்த தாளென்று எறிந்துவிடாதீர்கள். நாளை நம் வரலாற்றை எழுதப்போகிறவர் தேடி வருவது அந்தத் தாளைத்தான்.